தூணுக்கும் தூணுக்கும் நடுவில்

ஜனவரி 9

நூல் கடை முதலாளி இந்த வருஷமும் டைரி கொடுத்தார். போன வருஷத்து டைரியில் ஜாக்கெட் அளவுகள்தான் எழுதினேன். இந்த வருஷம் கோபத்தை எழுதப் போகிறேன். அதை வைக்க வேறு இடமில்லை. இந்தத் தகரக் கொட்டகையில் தையல் மெஷினைப் போட்டால் கட்டிலைப் போட முடியாது, கட்டிலைப் போட்டால் சோறு பொங்க முடியாது.

நேற்று கன்னியப்பன் பெரியவரை எடுத்தோம். எங்கள் வரிசையில் கடைசிக் கொட்டகை அவருடையது. உடலை வைத்த ஐஸ் பெட்டிக்கு உள்ளே இடமில்லை, வாசலிலும் இடமில்லை. ரோட்டோரம் வைத்து மேலே ஒரு தார்ப்பாய் கட்டினோம். காலையில் தண்ணி லாரிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். விடாமல் அடிக்கிறான். நான் போய் லாரிக்கு முன்னால் நின்றேன். “அடி ராசா, இன்னும் நல்லா அடி. பெரியவரு எழுந்து வந்து வழி உடுவாரு” என்றேன். இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து ஒரு கும்பிடு போட்டான். பாவம், அவனும் என்ன செய்வான்.

பழைய குடியிருப்பில் இந்தக் கேடு இல்லை. சுண்ணாம்புக்கால்வாய் குடியிருப்பு என்றால் நடுவில் ஒரு பெரிய முற்றம். கல்யாணமோ காதுகுத்தோ சாவோ எதுவானாலும் அங்கேதான் பந்தல். கட்டடம் பெயர்ந்து விழ ஆரம்பித்ததும் இடித்துப் புதுசாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். அதுவரை எதிர்ப்பக்கம் தகரத்துக்குள் இரு என்றார்கள். இருக்கிறோம். எதிரே கம்பிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. தினமும் பல் விளக்கிக்கொண்டே அதைத்தான் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு லேசாக இருமல். ஜனவரிப் பனி.

ஜனவரி 21

என்ஜினீயர் மேடம் வந்தாள். சுகந்தி என்று பெயர், சின்ன வயசு. புதுக் கட்டடத்தின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து எங்கள் சங்கத் தலைவர் எபினேசர் அண்ணன் கொட்டகைச் சுவரில் மாட்டினாள். எட்டு மாடி. ஒவ்வொரு வீட்டிலும் ஹால், படுக்கையறை, சமையலறை, உள்ளேயே கக்கூஸ். பெண்கள் எல்லாம் “ஆ” என்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் கேட்டேன். “முற்றம் எங்க மேடம்?”

“முற்றம் இல்லம்மா. அந்த இடத்துல தான் ரெண்டாவது பிளாக் வருது.”

“அப்போ கீழ்த்தளம்?”

“கீழ்த்தளம் முழுக்கக் கடைங்க. ஏலம் விடப்போறோம்.”

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். மத்திய அரசு ஒரு பங்கு, மாநில அரசு ஒரு பங்கு, நாங்கள் கட்ட வேண்டியது ஒரு பங்கு. மூன்றும் சேர்ந்தும் துண்டு விழுகிறதாம். கடைகளை ஏலம் விட்டு வரும் அட்வான்ஸில்தான் லிஃப்ட் போட முடியுமாம்.

“லிஃப்ட் சரி. ஒரு சாவு உழுந்தா எங்க வைப்போம்?” என்றேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். படத்தில் மரம் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, சிரித்துக்கொண்டு போகிற ஒரு குடும்பம்கூட இருக்கிறது. செத்தவர் யாரும் இல்லை.

பிப்ரவரி 3

வீட்டுக்காரர் சட்டைகளைப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தேன். எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. இப்போது வரும் துணி எல்லாம் நாலு துவைப்பில் தளர்ந்துபோகிறது. மில்லுக்காரனைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 15

எபினேசர் அண்ணன் ஒரு வேலை செய்தார். அவர் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். படத்தில் இருக்கிற மாடிப்படியை அப்படியே நிஜ அளவில் கொட்டகைகளுக்குப் பின்னால் சுண்ணாம்புத் தூளால் தரையில் போட்டார். “எதுவா இருந்தாலும் செஞ்சு பாத்துட்டுப் பேசணும்” என்றார். லிஃப்டில் பாடை நுழையாது, அதனால் சாவு வந்தால் மேலேயிருந்து படி வழியாக இறங்குமா என்று தூக்கிப் பார்ப்பதுதான் திட்டம். கயிற்றுக் கட்டிலைப் பாடையாக வைத்துக்கொண்டோம்.

கட்டிலில் படுக்க ஒருத்தரும் வரவில்லை. “எனக்குப் பொண்ணு பாக்குறாங்க”, “எங்கம்மா அடிக்கும்” என்று ஆளாளுக்கு நழுவினார்கள். என் வீட்டுக்காரர்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“நான் படுக்குறேன். ஹார்பர்ல அவ்ளோ மூட்டை தூக்குனேன். என்னை ஒருத்தன் தூக்குனா இன்னா?”

“யோவ், எழுந்துரு” என்றேன்.

“சும்மா இருமே” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நாலு பேர் தூக்கினார்கள். அவர் கனமே இல்லை என்று ஒருவன் சொன்னான். அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும். சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே வந்தார்கள். படி திரும்புகிற இடத்தில் கட்டில் திரும்பவில்லை. சாய்த்தார்கள், வீட்டுக்காரர் வழுக்கினார். நிமிர்த்தினார்கள், கோட்டைத் தாண்டிவிட்டது. “சுவத்த இடிச்சிட்டீங்கடா! எனக்குத் தலையில அடி!” என்று பிணம் சத்தம் போட்டது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

இந்தக் கூத்து நடக்கும்போது பழைய ஹார்பர் கூட்டாளி யாரோ அந்தப் பக்கம் பைக்கில் போயிருக்கிறான். கட்டிலில் என் வீட்டுக்காரர் தேசிங்கு படுத்திருப்பதைப் பார்த்தவன் நிற்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நேராகத் திருவொற்றியூர் போய் என் நாத்தனார் பட்டம்மாவிடம் சொல்லிவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து மாரில் அடித்துக்கொண்டு இறங்குகிறாள். “ஐயோ என் தம்பி, என் ராசா, என்ன உட்டுட்டுப் போயிட்டியே!” கையில் மாலை வேறு.

ராசா கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். “வாக்கா. மாலைய வீணாக்காத, எனக்கே போடு” என்றார். அவள் அந்த மாலையாலேயே நாலு சாத்து சாத்திவிட்டு, அப்புறம் அவர் தோளில் சாய்ந்து நிஜமாகவே அழுதாள்.

செத்துவிட்டதாகப் பொய்ச் செய்தி போனால் ஆயுசு கெட்டி என்று எல்லோருக்கும் தெரியும். பட்டம்மாவே சொன்னாள். நான் அவளுக்கு வடகறி வைத்துப் போட்டேன்.

மார்ச் 4

போன வாரம் சுகந்தி மேடத்தைக் கூட்டிவந்து சுண்ணாம்புப் படியில் கட்டிலைத் தூக்கிக் காட்டினோம். இந்த முறை கட்டிலில் தலையணைகள். படி திரும்பும் இடத்தை அகலமாக்க மேலே பேசுகிறேன் என்றாள். பேசினாள். ஆகிவிட்டது. நல்ல பெண்தான், வாய்தான் அதிகம் திறப்பதில்லை.

மேலேயிருந்து இறக்க வழி வந்துவிட்டது. இறக்கி எங்கே வைப்பது?

ஏப்ரல் 11

பெரியாஸ்பத்திரி. வெயிலில் வரிசையில் நின்று எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஆனது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஃபேன் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. வரும்போது அவருக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டார்.

ஏப்ரல் 12

மகள் குணசுந்தரி போன் செய்தாள். ஆவடிக்கு வந்து எங்களோடு இருங்கள், அப்பாவுக்கு ஏ.சி. அறை இருக்கிறது என்றாள். நான் வரமாட்டேன் என்றேன். பழைய கட்டடத்தில் நான் மருமகளாக வந்து இறங்கிய வீடு இருந்தது. அதே மண்ணில்தான் எனக்கு வீடு வரப்போகிறது. அவரும் நானும் அங்கேதான் போவோம். “அம்மா, டாக்டர் இன்னா சொன்னாரு?” என்றாள். மெஷினில் ஊசி உடைந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஊசி உடையவில்லை.

ஜூன் 8

கீழ்த்தளத்தில் பொதுக்கூடம் கேட்கிறேன் என்று இன்றைக்கு எனக்கும் மல்லிகாவுக்கும் குழாயடியில் பெரிய சண்டை. மல்லிகா எனக்கு மூன்றாவது கொட்டகை. அவள் மகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, தலைச்சன். அவர்களுக்கு ஆறாவது மாடி ஒதுக்கியிருக்கிறது.

“க்கா, நீ கூடம் கூடம்னு கத்திக்கினே இரு. கடை போனா லிஃப்ட் போச்சு. எம் பொண்ணு வயித்த தூக்கிக்கினு ஆறு மாடி ஏறுமா?”

“முழுக் கடையும் வேணாங்குறேனா? ரோட்டப் பாத்த கடைய வச்சுக்க. உள்பக்கம் இருட்டுல இருக்கிற கடைய மட்டும் கூடமா உடுன்றேன்.”

“அவங்க குடுக்கறதையும் உன்னால குடுக்காம போயிட்டா?”

“குடுக்கறாங்களா? இன்னாமோ அவங்க அப்பன் ஊட்டுச் சொத்தைக் குடுக்குற மாதிரி பேசற? நாம எடத்த உட்டோம், நாமளும் பங்கு கட்றோம். பிச்சையாடி வாங்குறோம்?”

“உயிரோட இருக்கறவங்களுக்கு வழி பாக்க மாட்ட. பொணத்துக்கு எடம் கேக்குற. உனக்கு எப்பப் பாத்தாலும் ஏன்க்கா சாவு நெனப்பு?”

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் பதில் சொல்லாமல் வந்ததை வீட்டுக்காரர் நம்பவே மாட்டேன் என்கிறார். “உடம்புகிடம்பு செரியில்லையா உனக்கு?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கைதான் சுட்டது.

ஜூலை 2

பெண்கள் ஒரு வேன் பிடித்து, கூடம் கேட்டு சுகந்தி மேடத்தின் ஆபீசுக்குப் போனோம். பெரிய அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். நாங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்தோம். நான் கை மடிப்பு வேலையைக் கொண்டுபோயிருந்தேன், ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டி முடித்தேன். எங்களைத் தாண்டித்தான் எல்லோரும் மேலே போக வேண்டியிருந்தது. மத்தியானம் கூப்பிட்டார்கள்.

பெரிய அதிகாரி காபி கொடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஒப்புதல் ஆன படத்துக்குத்தான் நிதி வந்திருக்கிறது, மாடிப்படி சின்ன விஷயம், கடையை எடுத்தால் நிதிக் கணக்கே மாறும், எல்லாம் முதலிலிருந்து போக வேண்டும் என்றார். “ஏலத்துல யாரும் எடுக்கலன்னா பார்க்கலாம். ஆனா சென்னையில கடைக்கு ஆள் வராம இருக்குமாம்மா?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வந்து வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யோசனையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆகஸ்ட் 19

கீழ்த்தளத்துக்குத் தரை போட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தார். ரோட்டைத் தாண்டத்தான், ஆனாலும் ஆட்டோ வைத்தோம். வாட்ச்மேன் குமரேசன் கதவைத் திறந்துவிட்டான்.

உள்பக்கம் இன்னும் தடுப்புச் சுவர் எழுப்பவில்லை. தூண்கள் மட்டும்தான். காற்று அடித்தது. பழைய முற்றம் கிட்டத்தட்ட அதே இடம்தான். அவர் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டே போய், நடுவில் ஓரிடத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

“யோவ், புதுத் தரை. சிமெண்ட் ஒட்டும்.”

“காஞ்சு போச்சு. சில்லுனு கீது. இங்கதான் கேரம் போர்டு போடணும், வெளிச்சம் செரியா உழுது.” பழைய முற்றத்தில் அவரும் எபினேசர் அண்ணனும் ராத்திரி சாப்பாட்டை மறந்து கேரம் ஆடுவார்கள். கோவத்தில் ஒருமுறை நான் போர்டையே தூக்கிக் கட்டில் அடியில் ஒளித்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “நவநீதம்” என்றார். “இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடுவுல. ஞாபகம் வச்சுக்க.”

“கேரம் போர்டுதான, வச்சுக்கிறேன்.”

“ஆமா, கேரம் போர்டுதான்” என்றார்.

செப்டம்பர் 5

சட்டைகளை இன்னொரு முறை பிடித்தேன். மில்லுக்காரன் நாசமாகப் போகட்டும்.

செப்டம்பர் 23

கஞ்சி. இரண்டு கரண்டி. கூட நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டார், நாக்கில் வைத்துவிட்டுத் துப்பிவிட்டார். தீபாவளி ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. எல்லோருக்கும் பஃப் கை வேண்டுமாம்.

அக்டோபர் 10

ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இந்த மாசம் இருபத்தேழாம் தேதி. உள்பக்கக் கடைகளுக்குத் தடுப்புச் சுவர், எடுப்பவர் வசதிப்படி ஏலத்துக்கு அப்புறம் எழுப்பப்படுமாம். நோட்டீசைக் கிழிக்கலாம் என்று போனேன். எபினேசர் அண்ணன் தடுத்தார். கிழித்தால் இன்னொன்று ஒட்டுவார்கள் என்றார். அது எனக்கும் தெரியும். கிழித்தால் மனசு ஆறும், அவ்வளவுதான்.

அக்டோபர் 18

மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் கணுக்கால் தண்ணீர். கட்டிலுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினேன். குணசுந்தரி வந்துவிட்டாள்.

“ஏலம் எப்போமே?” என்று அவர் மறுபடியும் கேட்டார்.

“இருபத்தேழு.”

“அதுக்குள்ள முடிச்சுடலாம்” என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

அக்டோபர் 22

அவர் போய்விட்டார். விடிந்து பால்காரர் மணி அடித்தார், அப்போது என் கையைப் பிடித்திருந்தார். இருமல் நின்றதும் தூங்குகிறார் என்று நினைத்தேன்.

அக்டோபர் 25

இன்றைக்குத்தான் எழுத உட்கார்கிறேன். அன்று நடந்ததை எழுதாவிட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

கொட்டகையில் முழங்கால் அளவு தண்ணீர். ரோட்டிலும் தண்ணீர். ஐஸ் பெட்டிக்காரர் பெட்டியோடு வந்து “எங்கம்மா வைக்கறது?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அங்க” என்று எதிரே கையைக் காட்டினேன்.

மல்லிகாதான் முதலில் வாயைத் திறந்தாள். “க்கா, பால் காய்ச்சாத கட்டடம்க்கா. மொத மொதல்ல உள்ள போறது பொணமா? நாங்க எல்லாம் குடி போக வேணாமா?” அவள் மட்டுமில்லை, பாதிப் பேருக்கு அதே முகம்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “மல்லிகா, உம் புருசனா இருந்தா எங்க வைப்ப? அந்த எடத்தக் காட்டு. இதோ, இவர அங்க கொண்டுபோறேன். தண்ணியில மெதக்க உடுவியா? லாரிக்காரன் ஹாரன் அடிக்கறதுக்கு ரோட்டுல வைப்பியா? அந்தக் கட்டடத்துல நாம பொறக்கப் போறோம், கண்ணாலம் பண்ணப் போறோம், சாவவும் போறோம். எம் புருசன் வரிசையில மொதல்ல நிக்கறாரு, அவ்ளோதான்!”

மழை மட்டும் தகரத்தில் கொட்டியது.

வாட்ச்மேன் குமரேசன் மேடத்தைக் கேட்காமல் திறக்க முடியாது என்றான். போன் போட்டு என் காதில் கொடுத்தான். சொன்னேன். சுகந்தி மேடம், “நான் இன்னைக்கு லீவும்மா. சைட்டுல என்ன நடக்குதுன்னு நாளைக்கு வந்துதான் பார்ப்பேன்” என்றாள். போனை வைக்கும்போது மூக்கை உறிஞ்சியது கேட்டது.

குமரேசன் கதவைத் திறந்தான். நாங்கள் போவதற்குள் ஒரு ஆள் தரையில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தது. மல்லிகா. என்னைப் பார்க்காமல், “எந்த எடம்க்கா?” என்றாள்.

“இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடுவுல” என்றேன்.

அவ்வளவு பெரிய இடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார முடிந்தது. காலை நீட்டி உட்கார முடிந்தது. பட்டம்மா வந்தாள். பிப்ரவரியில் அழுத அதே அழுகையை ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டுப் பெட்டிக் கண்ணாடியைத் தட்டினாள். “டேய், இந்த வாட்டியும் எழுந்துருடா. மாலை வாங்கியாந்திருக்கேன்டா” என்றாள். அப்போதுதான் நான் உடைந்தேன். வருஷம் முழுக்கப் பிடித்துத் தைத்தது எல்லாம் பிரிந்துபோய்விட்டது. துணி தளரவில்லை. எனக்குத் தெரியும். முதல் சட்டையைப் பிடிக்கும்போதே தெரியும்.

மத்தியானம் மேளம் அடித்துக்கொண்டிருந்தபோது சஃபாரி போட்ட நாலைந்து பேர் குடையோடு வந்தார்கள். ஏலத்துக்கு முன்னால் கடைகளைப் பார்த்துப்போக வந்தவர்கள். ஒருவர் மொபைல் கடை வைக்க வந்தவர், டேப் எல்லாம் கையில் வைத்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக் கழற்றினார். கிட்டே வந்து கும்பிட்டுவிட்டு, டேப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். மற்றவர்களும் போனார்கள். எபினேசர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கேரம் ஆட்டத்தில் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அதே முகம்.

அக்டோபர் 27

ஏலம் நடந்தது. ரோட்டைப் பார்த்த கடைகளுக்கு அடிதடி. அதில் வந்த அட்வான்ஸே லிஃப்டுக்குப் போதுமாம். உள்பக்கக் கடைகளுக்கு ஒரு கை எழும்பவில்லை.

நவம்பர் 12

பெரிய அதிகாரி நேரில் வந்தார். உள்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார். மறு ஏலத்துக்கும் ஆள் வரவில்லையாம். “வேணும்னே இங்க வச்சீங்களாம்மா?” என்று கேட்டார்.

“மழைங்க” என்றேன்.

சுகந்தி மேடம் தூண் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்பக்கம் குடியிருப்போர் பொதுக்கூடமாக விடப்படும் என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எபினேசர் அண்ணன் அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார்.

டிசம்பர் 3

சாவி கொடுத்தார்கள். நாலாவது மாடி. நான் மட்டும் போய்ப் பால் காய்ச்சினேன். பொங்கியது. இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன், பழக்கம். இரண்டையும் நானே குடித்தேன்.

டிசம்பர் 10

மல்லிகா மகளுக்கு நாளைக்கு வளைகாப்பு, கீழே கூடத்தில். ஜாக்கெட் நான்தான் தைத்தேன். வாங்கிக்கொண்டு போக மல்லிகா வந்தாள். போகாமல் நின்றாள்.

“க்கா, நாளைக்கு நீதான் மொத வளையல் போடணும்.”

“பைத்தியமா உனக்கு? நான் தாலி எறக்குனவ. சம்மந்தி ஊட்டுல கொதிப்பாங்க.”

“கொதிக்கட்டும். கூடம் யாரால வந்துச்சுன்னு கேட்டா சொல்லுவேன். அன்னிக்கு நான் பேசுன பேச்சுக்கு…” அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

“சீ, போடி. அளவு செரியா கீதான்னு போட்டுப் பாக்கச் சொல்லு” என்றேன்.

டிசம்பர் 11

போனேன். பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு போனேன், அவர் எடுத்துக் கொடுத்தது. சம்பந்தி அம்மாள் ஒருத்தி என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ முணுமுணுத்தாள். மல்லிகா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினாள். அந்தத் தூணுக்கும் இந்தத் தூணுக்கும் நடுவில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். ஓரத்தில் எபினேசர் அண்ணன் கேரம் போர்டைச் சாய்த்து வைத்திருந்தார்.

பெண்ணின் கை வியர்த்திருந்தது. அந்தக் கையைப் பிடித்து முதல் வளையலை நான் போட்டேன். சிவப்புக் கண்ணாடி வளையல். நிமிர்ந்து சம்பந்தி வீட்டாரை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒருத்தராவது வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். யாரும் திறக்கவில்லை. இரண்டாவது வளையலையும் நானே போட்டேன்.